சுவருக்கு அந்தப் பக்கம் என் புதினா

1957 ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. சமையலறையில் கொடி கட்டி அவருடைய ஆபீஸ் சட்டைகள்.

பின்பக்கச் சுவர் முடிந்துவிட்டது. மேஸ்திரி முனியப்பா கரணையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மாமனார் கட்டிய இந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு இனி இரண்டு வீடு. கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி என் வீட்டுக்காரரின் தம்பி சாமுவேலுக்கு. தோட்டத்தின் நடுவில் ஆள் உயரச் சுவர். நடுவில் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். துணி துவைக்கிற கல்லோடு எங்கள் பக்கம் முடிகிறது. கல்லைத் தாண்டி இருக்கிற என் புதினாப் பாத்தி முழுவதும் அவர்கள் பக்கம்.

கயிறு பிடித்த அன்று நான் மார்க்கெட்டில். திரும்பி வருவதற்குள் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. அவர், சாமுவேல், மேஸ்திரி மூவரும் காபி குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காபி கொடுத்தது சாமுவேலின் மனைவி ரூபி.

"என்னங்க இது, பாத்தி அந்தப் பக்கம் போகுது?"

"ரெண்டடி மண்ணு. போனாப் போகுது விடு."

ரூபி தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "உங்க ரெண்டு பேருக்கு எவ்ளோ தோட்டம்க்கா வேணும்?"

அவளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு இல்லை. அதைத்தான் சொன்னாள். மேஸ்திரிக்குக்கூடப் புரிந்தது, டம்ளரைப் பார்த்துக்கொண்டார். இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு: து. பருப்பு, மண்ணெண்ணெய், சட்டைப் பொத்தான் வெள்ளை.

ஜூன் 5, புதன்

மழை இல்லை. வானம் மூட்டம்.

ரூபி ஆள் வைத்துப் பாத்தியைப் பிடுங்குகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மண்வெட்டி, பிறகு வாசனை. முழுப் பாத்தியும் ஒரே நேரத்தில் கிழிபட்ட வாசனை. கண் எரிந்தது. வெங்காயமா அரிந்தேன், இப்படி எரிய.

இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது எல்லாம் மாமியாருடையது. அடுப்பு, அம்மி, உப்பு ஜாடி இருக்கும் இடம், எல்லாம். புதினாக் கட்டில் இலை கிள்ளிய பிறகு மிஞ்சிய காம்புகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈரத்தில் ஊன்றினேன். பிடித்துக்கொண்டது. இந்த வீட்டில் நான் கேட்காமல் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதன் பிறகு பின்பக்கக் கதவைத் தட்டி "எஸ்தரம்மா, ஒரு பிடி புதினா" என்று தெருவே வந்தது. வெள்ளிக்கிழமை என்றால், சந்துக்கு எதிர்வீட்டு ஜுலேகா பீ. கிறிஸ்துமஸ் என்றால் கோயில் ஜனம் பாதி. வந்தவர்கள் இலையை மட்டுமா வாங்கிக்கொண்டு போனார்கள், அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள்.

இந்த வாரம் கதவை யாரும் தட்டவில்லை.

மத்தியானம் வாசல் குப்பைத் தொட்டியில் என் புதினா மலை போல. பட்டப்பகலில், ஊர் பார்க்க, குனிந்து ஒரு முந்தானை வேர் அள்ளி வந்தேன். குளியலறைக்குப் பின்னால் ஓட்டை மண்ணெண்ணெய் டின்னில் மண் போட்டு ஊன்றியிருக்கிறேன். இவர் அந்தப் பக்கம் வரமாட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

கோயில். போதகர் மன்னிப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். எனக்கு முன் வரிசையில் ரூபி. அவள் கொண்டை ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்தேன்.

வெளியே மரத்தடியில் பெண்கள் கூட்டம். ரூபிதான் நடுவில். செப்டம்பரில் பெண்கள் சங்கத்துத் தோட்டப் போட்டியாம். வீடு வீடாக வந்து பார்த்துக் கோப்பை கொடுப்பார்களாம். ரோஜா ஒட்டுச்செடி வாங்கி வைத்திருக்கிறாளாம், கறுப்புச் சிவப்பு, மஞ்சள், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். "எங்க வீட்டுக்கு இப்பதான் தோட்டம்னு ஒண்ணு வந்திருக்கு" என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஒரு அம்மா என்னிடம், மருமகளுக்கு மசக்கை, கஷாயத்துக்கு ஒரு பிடி புதினா வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ரூபி: "அதெல்லாம் எடுத்தாச்சு ஆன்ட்டி. ஒரே கொசு."

என் புதினா கொசு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தாடை இன்னும் வலிக்கிறது. போதகர் மன்னிக்கட்டும், அவருக்குச் சம்பளம் அதற்கு. நான் இரண்டு பேரையும் விடப்போவதில்லை. ரூபியை ஒரு விதம். கயிறு சுருட்டியவரை ஒரு விதம். இன்றிலிருந்து என் அடுப்பில் அவருக்குப் புதினா கிடையாது.

ஜூன் 17, திங்கள்

வெயிலும் மழையும் மாறி மாறி. அவருக்குத் தொண்டை கட்டு.

காலையில்: "துவையல் அரைச்சு நாளாச்சே."

"புதினா இல்லை."

"மார்க்கெட்ல?"

"கறுத்துக் கிடக்கு. காசு கொடுத்து வாங்கற மாதிரி இல்லை."

தயிர் சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன். புதினாத் துவையல் இல்லாமல் தயிர் சாதம் இவருக்குத் தொண்டையில் இறங்காது. தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அவர் ஆபீஸ் போனதும் டின்னில் கிள்ளினேன். நன்றாகத் துளிர்த்திருக்கிறது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் வெடிக்கும், விட்டால் பூத்துக் கசந்துவிடும். நல்லெண்ணெயில் உளுந்து, காய்ந்த மிளகாய், புளி, பிறகு இலை. இலையை அதிகம் வதக்கக் கூடாது, துவண்டதும் இறக்க வேண்டும். தேங்காய் கொஞ்சம். அம்மியில் கொரகொரப்பாக. சுடுசோறு, எண்ணெய். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து அத்தனையும் சாப்பிட்டேன். அம்மியை இரண்டு தரம் கழுவினேன். கையைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

சாயங்காலம் வந்தவுடன் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ வாசனை?"

"சளிக்குக் கற்பூரவள்ளி கசக்கினேன்."

இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு வெகு காலம்.

ஜூலை 5, வெள்ளி

இரவு நல்ல மழை. தோட்டம் சொதசொத.

சுவரின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. மேஸ்திரி மழைத்தண்ணீர் போக விட்டது. துவைக்கிற கல் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அதன் வழியாக அந்தப் பக்கம் போகும். அதைப் பெரிதாக வைக்கச் சொன்னதே ரூபி, ரோஜாவுக்கு இலவசத் தண்ணீர் என்று. இன்று சீயக்காய்க் கிண்ணம் உருண்டு போய் அதை எடுக்கக் குனிந்தேன். கன்னத்தைத் தரையில் வைத்துத் துவாரத்தில் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ரோஜாச் செடியின் காலடியில் நாலைந்து இலை. சுருக்கம், பல் பல்லாக ஓரம். என் புதினா!

மேலே பிடுங்கியிருக்கிறார்கள். வேர் எங்கே பிடுங்கினார்கள்? புதினா வேர் மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் படுத்து ஓடும். விரற்கடைத் துண்டு மிஞ்சினால் போதும், அது ஒரு செடி. இது தெரியாதவள் ரோஜா வைக்க வந்துவிட்டாள்.

அப்படியே தரையில் படுத்துச் சிரித்தேன். சேலையெல்லாம் சேறு.

பிறகு யோசனை வந்தது. டின் ஓரத்தில் ஓடியிருந்த வேர்களை எடுத்தேன். அரிவாள்மணையில் துண்டு துண்டாக நறுக்கினேன், முருங்கைக்காய் நறுக்குவது போல. அரிசி களைந்த தண்ணீரில் போட்டுத் துவாரத்தில் ஊற்றினேன். பின்னாலேயே ஒரு குடம் தண்ணீர், உள்ளே வரை தள்ள.

போ. போய் உன் இடத்தைப் பிடி.

ஜூலை 14, ஞாயிறு

இந்த வாரம் தினமும் வேர் ஊற்றினேன். இன்று இல்லை. ஓய்வுநாள்.

கோயிலில் ரூபி புதுச் சேலை, பச்சை. "அக்கா, உங்க பக்கத்துத் தண்ணி நல்லா வருது. செடியெல்லாம் தளதளன்னு இருக்கு." கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா வரட்டும் ரூபி" என்றேன். கையை நானும் பிடித்துக்கொண்டேன்.

இவருக்கு அஜீரணம். புதினாக் கஷாயம் கொடுத்தால் அரை மணியில் சரியாகும். சோடா கொடுத்தேன்.

ஜூலை 29, திங்கள்

காலை நல்ல வெயில். வடகம் பிழிந்து காயப் போட்டேன்.

பத்து மணி வாக்கில் பின்பக்கக் கதவு தட்டும் சத்தம். எவ்வளவு நாளாயிற்று! ஓடிப்போய்த் திறந்தேன். ரூபி. ஒரு கையில் முழங்கை வரை மண். மற்ற கையில் ஒரு மஞ்சள் ரோஜா, எனக்காம். "முதல் பூ அக்கா."

வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். காபி கலந்து கொடுத்தேன்.

"அக்கா, அந்தப் புதினா திரும்பத் திரும்ப வருது. கிள்ளிப் போட்டா நாலு நாள்ல மறுபடியும். செப்டம்பர்ல ஜட்ஜுங்க வருவாங்க. இதை எப்படி ஒழிக்கிறது? உங்களுக்குத்தானே அதைப் பத்தித் தெரியும்."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மண்ணை ஈரமாக்கி, விரலால் வேரைத் தொடர்ந்து போய், முழு நூலாக உருவி எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் ஒரு வாரத்தில் போய்விடும்.

"கொத்திவிடு" என்றேன். "நல்லா ஆழமா. மண்வெட்டியால வேரையெல்லாம் பொடிப்பொடியா வெட்டி, மண்ணைப் புரட்டிப் போடு. அப்புறம் நிறையத் தண்ணி விடு, அழுகிப் போயிடும்."

"இவ்ளோதானா? தேங்க்ஸ் அக்கா."

நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவள் கடைசி வாய் காபி வரை சொட்டுப் பாக்கி இல்லாமல் குடித்தாள். போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். நல்ல பழக்கம். யார் இல்லை என்றது.

மத்தியானமே கொத்துகிற சத்தம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று இரண்டாகிறது. ரோஜா வேரும் கூட வெட்டுப்படும், அதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மஞ்சள் ரோஜாவை வடகத்துக்குக் காவலாகக் குச்சியில் கட்டி வைத்தேன். காக்காய் அதற்குப் பயப்படவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

விடாத மழை. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துவிட்டது.

துவாரத்தில் பார்க்கவே தேவையில்லை. வாசனை சுவருக்கு மேலேயே வருகிறது. ஆனாலும் குனிந்து பார்த்தேன். பாத்தி முழுக்கப் பச்சை. ரோஜாச் செடிகள் முழங்கால் வரை புதினாவில் நிற்கின்றன. இலை வெளுத்திருக்கிறது. மொட்டு பட்டாணி அளவில் நின்றுபோய்விட்டது.

அந்தப் பக்கம் சாமுவேல்: "அண்ணி சொன்ன மாதிரிதானே பண்ணே?"

ரூபி: "அப்படியேதான் பண்ணேன். மழை ஜாஸ்தி, அதான்."

மழையின் மேல் பழி. பெய்யட்டும், பெய்யட்டும்.

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, இவருக்கு உள் பனியன். சின்ன அளவு பத்தவில்லை. எதைத் தின்று இப்படி ஊதுகிறார் தெரியவில்லை, வீட்டில் பாதிச் சோறு தட்டிலேயே வைக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

வானம் வெளுப்பு. நல்ல நாள்.

ஜட்ஜுகள் வந்தார்கள். நான் குளியலறை வாளியைக் கவிழ்த்துச் சுவரோரம் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கையில் கீரை, யாராவது பார்த்தால் ஆய்கிற மாதிரி. மூன்று குரல். ஒன்று, ஊருக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரக் கிழவி. மற்ற இரண்டும் நம்மவர்கள்.

காலடிச் சத்தம் பாத்தியோரம் வந்து நின்றது. பிறகு கிழவி: "மை டியர், லவ்லி மின்ட். பட் வேர் ஆர் த ரோஸஸ்?"

நம்மவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அடக்கினாள், முடியவில்லை.

ரூபி ஏதோ சொன்னாள், மழை, மண், பிள்ளைகளுக்குக் காய்ச்சல். கிழவி, "நெவர் மைண்ட், நெவர் மைண்ட்" என்றாள். வந்த வேகத்தில் போய்விட்டார்கள்.

ஆய்ந்த கீரையை அப்படியே தரையில் வைத்துவிட்டேன். ரெண்டு பேருக்கு எவ்ளோ தோட்டம்க்கா வேணும். இப்போது சொல்லு. சந்தோஷமாக இருந்தது, உள்ளங்காலிலிருந்து சந்தோஷம். கேசரி கிளறினேன், முந்திரி தாராளமாக.

"என்ன விசேஷம்?" என்றார்.

"ஒண்ணுமில்லை. ரவையில் வண்டு வந்துடும், அதான்."

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் ஜுலேகா பீ. நான் டின் வைத்திருப்பது அவருக்கு மட்டும் தெரியும். "இன்னிக்கி நம்ப வூட்ல பிரியாணி. புதினா இல்லாம க்யா பிரியாணி, சொல்லு எஸ்தரம்மா."

கிள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார். போகவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நம்ப மாடிலேர்ந்து அந்தப் பக்கம் தெரியும். உங்க சாப் தினம் சாயங்காலம் தம்பி வூட்ல உக்காந்து தோசை துன்றாரு. பச்சையா சட்னி. ஒரு கிண்ணம் முழுசா காலி பண்றாரு மா. ரெண்டு மாசமா பாக்குறேன்."

ஜுலேகா பீ போன பிறகு எவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் தெரியாது.

நான் நறுக்கிய வேர். நான் ஊற்றிய தண்ணீர். அது வளர்ந்து, ரூபி கிள்ளி, அரைத்து, அதை இவர் தின்று, பனியன் பத்தாமல் போய், வீட்டுக்கு வந்து தட்டில் பாதியை வைத்திருக்கிறார். நான் இரண்டு மாதமாக இவரைப் பட்டினி போடுவதாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்றிருக்கிறேன்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"தோசை எப்படி இருந்துச்சு?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலில் செருப்போடு நின்றார். "ரூபி வெச்சா... வேணாம்னு சொன்னா நல்லா இருக்குமா... நீதான் புதினா இல்லைன்னுட்டே."

"அந்தப் பாத்தியைத் தூக்கிக் கொடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இன்னும் அதுவா? ரெண்டடி மண்ணுக்கா இத்தனை நாளா..."

"மண்ணுக்கு இல்லை. கேக்காததுக்கு. அவ என்னைப் பார்த்து ரெண்டு பேருக்கு எவ்ளோ தோட்டம்னு கேட்டா. நீங்க கயிறு சுத்திக்கிட்டு இருந்தீங்க."

கத்தவில்லை நான். கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு காலில் செருப்பு அப்படியே.

செப்டம்பர் 23, திங்கள்

மூன்று நாளாக அவரோடு பேச்சு இல்லை. சோறு வைக்கிறேன், எடுத்துக்கொள்கிறார். தோசைக்கும் போகவில்லை.

மத்தியானம் கதவு. ரூபி. இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வேர்த் துண்டு ஒன்று, துவாரத்தில் சிக்கியிருந்ததாம். இரண்டு முனையும் சாய்வாக, சுத்தமாக.

"மண்வெட்டில வெட்டினா நசுங்கிப் போகும். இது அரிவாள்மணையில நறுக்கினது அக்கா."

நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு இஷ்டமில்லை, அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"கொத்திவிடுன்னு சொன்னீங்களே, அதுவும் தெரிஞ்சுதானே?"

"தெரிஞ்சுதான்."

அவள் முகம் சிவந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் திருப்பி அடிக்கலாம். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றாள். "சொன்ன ராத்திரியே எனக்குத் தூக்கம் வரலை. வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனா நீங்க பண்ணதும் சின்னதில்லைக்கா. அந்த ஜட்ஜம்மா சிரிச்சது இன்னும் காதுல இருக்கு." போய்விட்டாள். சாமுவேலிடம் சொல்லமாட்டாளாம், வாசல் வரை போய்த் திரும்பி அதையும் சொன்னாள்.

அவள் சொல்லாமல் இருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தெருவில் நின்று ஊரைக் கூட்டியிருந்தால் நிம்மதி. என்னைக் கடனாளியாக்கிவிட்டுப் போகிறாள். அவள் தப்பு என்று சொன்னது காதுக்கு நன்றாக இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு எனக்கு இன்னும் கோபம் மிச்சம் இருக்கிறது, அது அவள் மேல் இல்லை.

வேர்த் துண்டை மேடைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். டின்னில் ஊன்றினேன். வீணாக்குவானேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோயில் முடிந்து சாமுவேல் எங்கள் வீட்டுக்கு வந்தான். முன் அறையில் இவரோடு. நான் சமையலறையில், கறிக்கு மசாலா அரைக்கிற சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, அந்த ஓரத்து மண்ணு எங்களுக்கு வேணாம். எது வெச்சாலும் புதினாதான் வருது. ரூபியும் வேணாம்னுட்டா. சுவரை எடுத்து எங்க பக்கம் தள்ளிக் கட்டிக்கலாம். முனியப்பா சனிக்கிழமை வரேன்னு இருக்கான். எங்க கட்டணும்னு நீயே சொல்லிடு."

இவர் தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும் அந்தச் செருமல். அடுத்தது "சரிப்பா, பாத்துப் பண்ணு" என்று வரும். குழவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தை வந்தால் குழவியை என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"உங்க அண்ணியைக் கேக்கணும்" என்றார்.

"அதுக்கென்னண்ணா, நாளைக்குக் கேட்டுச் சொல்லு."

"இல்லை. சனிக்கிழமை, அங்கேயே. எல்லாரும் இருக்கும்போது கேக்கணும்."

கறிக்குப் புதினா போட்டேன். ஜூனுக்குப் பிறகு முதல் தடவை, ஒரு பிடி, பெரிய பிடி இல்லை. சாப்பிடும்போது தலை நிமிரவே இல்லை அவர். மறுசோறு கேட்டார், போட்டேன்.

அக்டோபர் 5, சனி

விடிந்ததிலிருந்து வெயில். இந்த மாதத்துக்கு அதிகம்.

முனியப்பா வந்து பழைய சுவரை இடித்தாயிற்று. அடிக்கல்லுக்குக் கீழே புதினா வேர் பின்னிக் கிடந்ததாம், கடப்பாரையில் சுற்றிக்கொண்டு வந்ததாம். "இதேனம்மா, ஜடை தர இதே" என்று கன்னடத்தில் சொல்லி என்னிடம் காட்டினார், ஜடை மாதிரி இருக்கிறதாம். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

துவைக்கிற கல்லும் பாத்தியும் ஒரே மண்ணாகத் தெரிகிறது. ரோஜா ஒவ்வொன்றையும் ரூபி தோண்டிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பிழைக்கும், அதற்கு மேல் பிழைக்காது. வேர் மண்ணை உதறாதே என்று சொன்னேன். இந்தத் தடவை சரியாகத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு உதறாமல் சுற்றினாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி கையில் கயிறு, "கோடெ எல்லி ஹாக்லி?" என்று இவரைக் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார். சாமுவேல் முன்னால், ரூபி முன்னால், சத்தமாக, சந்துக்கு எதிர்மாடியில் துணி உலர்த்துகிற ஜுலேகா பீக்கும் கேட்கிற மாதிரி:

"எஸ்தர், சுவர் எங்க வரணும்? நீ சொல்லு."

சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். எந்தக் கல், எந்த மூலை, நான்கு மாதமாகப் படுத்தால் அதுதான். வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அடுப்பில் உலை கொதிக்குது, இருங்க" என்று உள்ளே வந்துவிட்டேன்.

உலை வைக்கவே இல்லை. உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. மேஸ்திரி கயிற்றைக் கை மாற்றிப் பிடிக்கிறார். சாமுவேல் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டான். ரூபி சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இவர் மட்டும் நடுவெயிலில், பாத்தியின் ஓரத்தில், புதினாவை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். சட்டை முதுகு நனைந்துவிட்டது.

"எஸ்தர்? எங்க வரணும்னு சொல்லும்மா."

இரண்டாவது தடவை கேட்கிறார். மூன்றாவது தடவை கேட்கட்டும், போகலாம்.